ஸ்டெஃபா பொருத்திய ஹீட்டர்

பெரெஸ்னா, சஸ்காட்சுவான்
1971 நவம்பர் 7

நெஸ்டருக்கு,

நீங்கள் சுரங்க வேலைக்கு ரயில் ஏறிப் போன மறுவாரமே பனி கொட்டிவிட்டது. "மாசக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாது ஸ்டெஃபா, அதுக்குள்ள தம்பிய விட்டு டிராக்டர் எஞ்சினுக்கு ஹீட்டர் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் சொன்னது பனியின் காதில் விழவில்லை போலிருக்கிறது. உங்கள் தம்பி மெத்தோடியின் காதிலும் விழவில்லை. அவனைக் கண்ணால் பார்த்தே பல நாளாயிற்று.

என் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கொட்டகைக்குப் போய் எஞ்சின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். காலையில் அதை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, இரண்டு கையிலும் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்து, சக்கரத்தின் மேல் ஏறி நின்று ரேடியேட்டரில் ஊற்றுகிறேன். ஊற்றுவதற்குள் பாதிச் சூடு போய்விடுகிறது. எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் நெருப்புத் தட்டு வேறு வைக்க வேண்டும். அதன் பிறகு செல்ஃபைத் தட்டினால் இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. நேற்று எஞ்சின் எழும்பும்போது மத்தியானம். வைக்கோல் போர் அரை மைலுக்கு அந்தப் பக்கம், மாடுகள் இந்தப் பக்கம் வேலியில் தலையை வைத்துக்கொண்டு கத்துகின்றன.

அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் என்பீர்கள். அப்பா காலத்தில் வாளி தூக்கியது யார் என்று உங்கள் அம்மாவின் முதுகைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் நானே டவுனுக்குப் போய், எஞ்சினுக்குள் பொருத்தும் கரண்ட் ஹீட்டரை வாங்கிவிட்டேன், வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்ற உறையாத கூலண்டும் வாங்கிவிட்டேன். என் பாலாடை விற்ற காசு. கடைக்காரர், "யாரும்மா மாட்டப் போறது?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப ரெண்டா எடுத்துக்கோ, ஒண்ணு உடைக்கறதுக்கு வேணுமில்ல" என்றார். அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றுதான் வாங்கினேன்.

நம் பேச்சு நினைவிருக்கிறதல்லவா? என் அப்பா எனக்குக் கொடுத்த ஒன்பது பசுவும் சினை. அவை குளிரைத் தாண்டி மார்ச்சில் கன்று போட்டால் நாம் இங்கேயே இருப்போம், பால் பண்ணை வைப்போம். இல்லையென்றால் நிலத்தை விற்றுவிட்டு உங்களோடு சுரங்க ஊருக்கு வந்துவிட வேண்டும். நான் வரமாட்டேன். அதாவது, ஒன்பதையும் கரை சேர்த்துவிடுவேன் என்று சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எஞ்சினின் இடது பக்கத்தில் மூன்று வட்டத் தகட்டு மூடி இருக்கிறது. எதைக் கழற்ற வேண்டும்?

ஸ்டெஃபா


வடக்குச் சுரங்கம், மூன்றாம் முகாம்
1971 நவம்பர் 19

ஸ்டெஃபாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை விமானத்தில் வந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத் தொடாதே. மெத்தோடிக்கு எழுதியிருக்கிறேன், வருவான்.

உனக்குத் தெரியாத விஷயம் இது. எனக்குப் பதினோரு வயதில் அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, எஞ்சினிலிருந்து தண்ணீரை இறக்க மறந்து படுத்துவிட்டார். காலையில் எஞ்சினின் இரும்பு உடல் குறுக்காக வெடித்திருந்தது. தண்ணீர் உறைந்தால் இரும்பையும் பிளக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அப்பா கொட்டகைத் தரையில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. அந்த வருஷம் விதைத் தானியத்தை விற்றுத்தான் சாப்பிட்டோம். ஓர் எஞ்சினுக்குள் ராத்திரி முழுக்கத் திரவம் நிற்கிறது என்று நினைத்தாலே எனக்கு அந்த விரிசல்தான் கண் முன் வருகிறது. கூலண்ட் உறையாது என்று டப்பாவில் எழுதியிருப்பான். எழுதினவன் நம் ஊரில் ஒரு ஜனவரி இருந்திருக்க மாட்டான்.

நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பதும் தெரியும். அதனால் எழுதுகிறேன், கவனமாகப் படி. நடு மூடிதான். தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, மூடியின் ஒரு ஓரத்தில் உளியை வைத்துத் தட்டு. அது துளைக்குள் பக்கவாட்டாகத் திரும்பும். குறடால் பிடித்து இழு, உள்ளே விழ விட்டுவிடாதே. துளையின் விளிம்பில் துரு இருக்கும், உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய். ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவு. ஹீட்டரின் கம்பி உள்ளே எந்தச் சுவரிலும் இடிக்கக்கூடாது. நடுத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. வளையம் கோணலாக உட்கார்ந்தால் ஒழுகும். கூலண்ட் பாதி, தண்ணீர் பாதி. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டி, காற்று வெளியே போன பிறகு மறுபடி நிரப்பு.

எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே திரவம் இல்லாமல் கரண்ட் கொடுத்துவிடாதே. திரவத்தில் மூழ்கியிருக்கும் வரைக்கும்தான் அது ஹீட்டர். வெறும் காற்றில் ஒரு நிமிஷம் இருந்தால் வெந்து போகும்.

இங்கே எட்டுப் பேருக்கு ஓர் அறை. பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விட்டால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சோறு பரவாயில்லை. உன் பெரோகிக் கொழுக்கட்டை மாதிரி எதுவும் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், மெத்தோடி வரட்டும்.

நெஸ்டர்


பெரெஸ்னா
1971 டிசம்பர் 5

நெஸ்டருக்கு,

மெத்தோடி வந்தான். நான் மூடியைக் கழற்றி, துளையைத் தேய்த்து முடித்த பிறகு வந்தான். வந்தவன் கையில் விளக்கைக் கொடுத்து நிற்கவைத்தேன்.

"அண்ணி, அந்த ஓட்டை வழியா எஞ்சினோட உசுரு போயிடப் போவுது."

"உன் வாய மூடிக்கிட்டா போகாது. விளக்கக் கீழ பிடி."

"அண்ணன் பார்த்தா என்ன சொல்வார்?"

"உங்கண்ணன் பார்க்கற தூரத்துல இருந்தா நான் எதுக்குடா இதச் செய்யறேன்?"

விளக்கைக் கீழே இறக்கிப் பிடித்தான். துளைக்குள்ளிருந்து பழுப்புச் சேறு ஒரு குவளை வந்தது. உங்கள் அப்பாவின் கிணறு முழுவதும் அங்கேதான் படிந்திருந்தது. கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். வளையத்துக்குக் கிரீஸ் தடவி உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சுற்றித் தடவிப் பார்த்தேன். எங்கேயும் மேடு பள்ளம் இல்லை. ஊற்றி, ஓட்டி, காற்றை விட்டு, மறுபடி ஊற்றி, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வந்தேன். மறுநாள் தாளில் ஒரு சொட்டு இல்லை.

இப்போது சாயங்காலம் பிளக்கை மாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். காலையில் எஞ்சினைத் தொட்டால் மாட்டின் வயிறு போல வெதுவெதுப்பாக இருக்கிறது. நேற்று பூஜ்யத்துக்கும் முப்பது டிகிரி கீழே போயிருந்தது குளிர். செல்ஃபைத் தட்டினேன், முதல் தட்டிலேயே எழுந்துவிட்டது. அங்கேயே சீட்டில் உட்கார்ந்து அழுதேன். சொன்னால் என்ன.

தண்ணீர் வாளியில் இப்போது முட்டைக்கோஸ் ஊறுகிறது. பசுக்கள் ஒன்பதும் நலம்.

கடைக்காரர் மறுபடி பார்த்தபோது, "உடைஞ்சுதா?" என்று கேட்டார். "இல்லீங்க, உங்க வியாபாரம்தான் போச்சு" என்றேன்.

நீங்களும் ஒரு வார்த்தை நல்லதாக எழுதலாம்.

ஸ்டெஃபா


மூன்றாம் முகாம்
1971 டிசம்பர் 17

ஸ்டெஃபாவுக்கு,

எஞ்சின் எழுந்தது சந்தோஷம். சில கேள்விகள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்று எதை வைத்து அளந்தாய்? கண்ணால் பார்த்து ஊற்றினாயா? உள்ளே பழைய தண்ணீர் கொஞ்சமாவது தங்கியிருந்தால் கலவை நீர்த்துப் போயிருக்கும். நீர்த்தால் நாற்பதுக்குக் கீழே போகும் ராத்திரியில் உறையும். உறைந்தால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தேன். திருகை எவ்வளவு முடுக்கினாய்? ஒரு வாரம் ஒழுகவில்லை என்றால் ஒன்றும் அர்த்தமில்லை, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுத்தான் ரப்பர் தளரும்.

நல்ல வார்த்தை எழுதச் சொல்கிறாய். எனக்கு அது வராது என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. பண்டிகை நாளில் வேலை செய்தால் இரட்டைக் கூலி. உனக்கு ஒரு கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன். உள்ளே முயல் தோல் வைத்தது. பெண்களுக்கான அளவில் இல்லை, பெரிதாக இருக்கும்.

நெஸ்டர்


பெரெஸ்னா
1972 ஜனவரி 13

நெஸ்டருக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான்கு பசு போய்விட்டது. டிராக்டரும் போய்விட்டது.

ஆறாம் தேதி, பழைய கணக்குப்படி நம் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். மேஜைத் துணிக்கு அடியில் வைக்கோல் பரப்பி, பன்னிரண்டு பதார்த்தமும் செய்து, உங்களுக்கும் ஒரு தட்டு போட்டுவைத்தேன். மெத்தோடி வந்தான். முதலில் மாடுகளுக்குக் கொடுக்க வேண்டுமே என்று தேனும் கசகசாவும் போட்ட கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்தேன். "நீங்க உக்காருங்க அண்ணி, நான் குடுத்துட்டு வரேன்" என்று விளக்கை எடுத்துக்கொண்டு போனான். வெகுநேரம் வரவில்லை. பண்டம் ஆறிப்போயிற்று. "என்னடா இவ்வளவு நேரம்?" என்றேன். "இன்னிக்கு மாடெல்லாம் பேசும்பாங்களே அண்ணி, அதான் கேட்டுட்டு நின்னேன்" என்றான். சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அவன் கிளம்பிய பிறகு எப்போதும் போலப் போய் பிளக்கை மாட்டிவிட்டு வந்தேன். அன்று காலையில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்திருந்தேன், கழுத்து வரை இருந்தது.

விடிவதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. முற்றத்து விளக்கு எரியவில்லை. கொட்டகைக்குப் போனால் எஞ்சின் ஜில்லென்று இருந்தது. கரண்ட் போய்விட்டது, அதனால்தான் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். ரேடியேட்டர் மூடி இறுகிப்போய் அசையவில்லை. நேற்றுத்தானே பார்த்தோம் என்று விட்டுவிட்டேன். சட்டென்று பற்றிக்கொள்ளும் ஈதரை எஞ்சினுக்குள் அடித்து எழுப்பினேன். மூன்றாவது முறையில் எழுந்தது. சூட்டு முள் அடியிலேயே கிடந்தது, குளிருக்கு நல்லதுதான் என்று ஓட்டினேன். வைக்கோல் போருக்குப் போய்ப் பாதி பாரம்கூட ஏற்றவில்லை, எஞ்சின் ஒரு கிறீச்சல் போட்டு நின்றது. அதன் பிறகு அசையவே இல்லை.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். கையுறையில் ஒன்று போரிலேயே பறந்துபோயிற்று. பெரிதாக இருந்தது அல்லவா. அன்றும் மறுநாளும் சறுக்குக்கட்டையில் வைக்கோலைக் கட்டிக் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒன்பது வயிற்றுக்கு அது எங்கே போதும். மூன்றாம் நாள் மாடுகள் பசி தாங்காமல் வேலியை உடைத்துக்கொண்டு, காற்று தள்ளிய பக்கமே போய்விட்டன. புயல் அடங்கிய பிறகு பள்ளத்து வேலியோரம் நான்கு, நின்றபடியே. மூக்கெல்லாம் பனி அடைத்திருந்தது. ஐந்தைத் திருப்பி ஓட்டிவந்தேன்.

வலது கையில் இரண்டு விரல் நுனியை டாக்டர் எடுத்துவிட்டார்.

எஞ்சினுக்குள் ஒரு சொட்டுத் திரவம் இல்லை. எங்கே போயிற்று? நான் எங்கே தவறு செய்தேன் என்று சொல்லுங்கள். திட்டுவதானால் திட்டுங்கள். எனக்குத் தெரிய வேண்டும், கண்ணை மூடினால் அந்த வளையம்தான் தெரிகிறது.

ஸ்டெஃபா


மூன்றாம் முகாம்
1972 ஜனவரி 26

அன்புள்ள ஸ்டெஃபா,

உன் கையை நினைத்து இரண்டு நாள் வேலையில் மனம் நிற்கவில்லை. நீ உயிரோடு இருப்பதே போதும்.

கேட்டாய், அதனால் சொல்கிறேன். வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தொடக்கத்தில் தெரியாது. சூடும் குளிரும் பட்டு மெல்லத் தளர்ந்து, அன்று ஒரேயடியாகத் திறந்துகொண்டிருக்கும். வழிந்தது தரையில் தெரியவில்லை என்றால் பனி மூடியிருக்கும். திரவம் இல்லாமல் ஹீட்டர் வெந்தது, அதன் பிறகு எஞ்சின் வெந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் முதல் தடவை செய்யும் தவறுதான் இது. நான் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதே.

நடந்தது நடந்துவிட்டது. பேசினது பேசினதுதான், அல்லவா? மிச்சம் ஐந்தை விற்றுவிடு. மெத்தோடியிடம் சொன்னால் ஆள் பார்ப்பான். இங்கே சுரங்க ஊரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். குழாயைத் திருகினால் வெந்நீர் வரும். நீ இனி எந்த வாளியும் தூக்க வேண்டாம்.

உன்
நெஸ்டர்


பெரெஸ்னா
1972 பிப்ரவரி 8

நெஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். எவ்வளவு பெரிய மனது உங்களுக்கு என்று அழுதேன். நீங்கள் கோபித்துக்கொள்ளாதது எனக்கு அடித்ததைவிட வலித்தது. ஐந்தையும் விற்றுவிடலாம் என்று மெத்தோடிக்குச் சொல்லியும் அனுப்பினேன்.

ஆனால் விற்பதற்கு முன் அந்தக் கோணலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் டிராக்டரைக் கொட்டகைக்கு இழுத்துவந்து போட்டிருந்தார்கள். இடது கையால் திருகைத் தளர்த்தினேன். அரை நாள் ஆயிற்று. ஹீட்டரை வெளியே எடுத்தேன். கம்பி கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. வளையம் நான் வைத்த இடத்தில், நான் வைத்தபடியே இருந்தது. சுற்றிலும் கிரீஸ் அப்படியே இருந்தது. ஒரு பக்கமும் ஒழுகின அடையாளம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மெத்தோடி வந்தான், மாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டதென்று சொல்ல. அவனிடம் நீட்டினேன்.

"பாருடா. கோணலா இருக்கா?"

அவன் வாங்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பார்த்துச் சொல்லு மெத்தோடி. உங்கண்ணன் கோணல்னு எழுதியிருக்கார். எனக்குக் கண்ணு போயிடுச்சா?"

"அண்ணி, அது கோணல் இல்ல." அவ்வளவுதான் சொன்னான், மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். "நான்தான் திறந்து விட்டேன் அண்ணி. அண்ணன் எழுதியிருந்தார். அவ கலந்தது சரியா இருக்காது, நாப்பதுக்குக் கீழ போற அன்னிக்குப் போய்க் குழாயத் திறந்து எறக்கிடு, அவகிட்ட சொல்லாத, சொன்னா அவ சண்டைக்கு வருவான்னு. அன்னிக்கு ரேடியோல குளிர் எறங்குதுன்னு சொன்னான். மாட்டுக்குக் குடுக்கப் போனப்ப எறக்கி, வாளிய வைக்கோலுக்குள்ள மறைச்சு வெச்சேன். விடியறதுக்குள்ள வந்து நானே ஊத்திடலாம்னு இருந்தேன். புயல்ல கதவையே திறக்க முடியல."

"பிளக்க மாட்டுவேன்னு தெரியாதா உனக்கு?"

"எறக்கினா எஞ்சினுக்கு ஆபத்தில்லைன்னுதான் அப்பா காலத்துலேர்ந்து தெரியும் அண்ணி. ஹீட்டர் ஞாபகமே வரல."

"பன்னெண்டு பதார்த்தம் தின்னியே. ரெண்டு வாய்க்கு நடுவுல சொல்லியிருக்கலாமே."

"அண்ணன் சொல்லாதன்னாரே."

அன்று மாடுகள் உண்மையிலேயே பேசியிருந்தால் எனக்குச் சொல்லியிருக்கும்.

அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசை, முடியவில்லை. ஆனாலும் அவன் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவன் உங்களுக்குப் பயந்தவன். அதன் பிறகு அவன் சொன்னதுதான் என்னைக் கொன்றது. புயல் நின்று வழி திறந்த உடனே உங்களுக்கு எழுதிவிட்டானாம், இப்படி ஆகிவிட்டது, அண்ணியிடம் சொல்லிவிடட்டுமா என்று. சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் பதில் போட்டீர்களாம். உங்கள் பதில் அவனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே நாள்.

அப்படியென்றால் வளையம் கோணல் என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வேண்டுமென்று மாட்டைக் கொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். என் கைவேலையை நம்பவில்லை, சரி, அதையும் விழுங்கிக்கொண்டிருப்பேன். உங்கள் அப்பாவின் விரிசல் உங்களுக்குள் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் நுனியில்லாத விரலை வைத்துக்கொண்டு எங்கே தவறினேன் என்று உங்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டே என்னை மன்னித்தீர்கள். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மாட்டை விற்கவில்லை. வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஸ்டெஃபானியா


மூன்றாம் முகாம்
1972 பிப்ரவரி 21

ஸ்டெஃபா,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் உங்கள் இரண்டு பேர் கடிதமும் ஒரே விமானத்தில் வந்தன. மெத்தோடியுடையது மேலே இருந்தது, அதை முதலில் படித்தேன். பிறகு உன்னுடையது. இடது கை எழுத்து. உன்னிடம் உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன், கடவுள் அறிய. நீ அவனை வீட்டு வாசலில் ஏறவிடமாட்டாய், அவனுக்கு நம்மை விட்டால் யாரும் இல்லை என்று தோன்றியது. அவனைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன். உன் மேல் பழி போட வேண்டும் என்று நினைக்கவில்லை. நீ கேட்டாய், ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பிக்கு எழுதியதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. ராத்திரி குளிர் ஏறினால் எனக்கு இங்கே படுக்கையில் அந்த எஞ்சின் வெடிக்கிற சத்தம் கேட்கும். நீ ஒழுங்காகத்தான் செய்திருப்பாய் என்று பகலில் தோன்றும். ராத்திரியில் தோன்றாது. உன்னிடம் நேராக எழுதியிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன், போதுமா? இதைவிட என்ன எழுத?

இப்போது கேள். நிலத்தை விற்கவில்லை. சுரங்க ஊர் வேண்டாம். நீ ஆசைப்பட்டபடி அங்கேயே, நம் வீட்டிலேயே இருப்போம். கூலியெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், வேறு டிராக்டர் பார்க்கலாம், செத்ததற்குப் பதில் மாடும் வாங்கலாம். பால் பண்ணை உன் பெயரில் வை. ஹீட்டரை நீயே பொருத்து, நான் பக்கத்தில்கூட வரமாட்டேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி ரயிலில் வருகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வா. உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச வரும் என்று நினைக்கிறேன்.

உன்
நெஸ்டர்


டெக்லாவின் வீடு
1972 மார்ச் 14

நெஸ்டருக்கு,

பதினெட்டாம் தேதி நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். மெத்தோடி வருவான். வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது. அடுப்புக்கு விறகு பிளந்து வைத்திருக்கிறேன். உங்கள் துணிகள் துவைத்து மடித்து அலமாரியில் இருக்கின்றன.

தெற்கே பாலத்துக்கு அப்பால் இருக்கும் டெக்லாவை உங்களுக்குத் தெரியும், கணவன் போன பிறகு தனியாகப் பண்ணை பார்க்கிறவள். அவள் தொழுவம் பாதி காலியாகக் கிடந்தது. பசு ஐந்தையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடமும் நம்மைப் போலவே வயசான டிராக்டர் ஒன்று இருக்கிறது. வந்த வாரமே அதற்கு ஹீட்டர் பொருத்தினேன். வலது கையில் குறடு நிற்கவில்லை, டெக்லா பிடித்துக்கொண்டாள். முடித்துவிட்டு, "சரியா இருக்கான்னு நீயும் ஒரு தடவை தடவிப் பாரு" என்றேன். "நீதான் பார்த்துட்டியே" என்றாள். அதற்குப் பிறகு அவள் போய்ப் பார்க்கவும் இல்லை, ஆள் விட்டுப் பார்க்கவும் இல்லை. எனக்கு அது இரண்டு மூன்று நாள் வினோதமாக இருந்தது.

நம் வீட்டிலேயே இருப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பரில் அந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருந்தால் நான் பனியில் விழுந்து புரண்டிருப்பேன். நான் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். இப்போதும் அந்த நிலத்தின் மேல் ஆசை இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். பாலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து அழுதுகொண்டேதான் மாட்டை ஓட்டினேன். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். வேறு டிராக்டர் வாங்கினால் உங்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று முதல் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று. நெற்றியில் ஒரு வெள்ளை. மற்ற நான்குக்கும் மடி இறங்கிவிட்டது, இந்த மாதத்துக்குள் ஆகிவிடும்.

"வீட்டுக்காரருக்கு எழுதலையா? ஊர்லேர்ந்து வர்றாரே, ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமில்ல" என்றாள் டெக்லா. யோசித்தேன். நீங்கள் வந்து எதிரில் நின்றால் தப்பு என்னுடையது என்று மறுபடி சொல்வீர்கள். குரல் உடையும். நானும் அழுவேன். அதன் பிறகு ஒரு நாள், இன்று மழை வரும் என்றோ, தம்பி நலம் என்றோ, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றோ ஏதாவது சாதாரணமாகச் சொல்வீர்கள். நான் சரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என்னால் முடியாது, நெஸ்டர். நீங்கள் சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் ஒரு எஞ்சினைக் கழற்றிப் பார்க்க எனக்குக் கை இல்லை.

ஸ்டெஃபானியா